கேமரா இறங்கிய இடம்

போன தை மாதம் வேலூர் சத்துவாச்சாரியில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில், கொடியில் கட்டிய வெள்ளை வேட்டியில், நான் செய்த 11 நிமிடப் படத்தைப் போட்டோம். இருபது பேர் இருந்திருப்பார்கள். படத்தில் நான் எடுத்த காட்சி என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே 1990களில் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் நடந்த கல்யாணங்களின் வீடியோ கேசட்டுகளிலிருந்து வெட்டி ஒட்டியவை. ஏழாவது நிமிடத்தில் ஒரு ஆணின் வெறுங்கால்கள் வரும். இடது கால் கட்டைவிரல் வலது காலின் மேற்புறத்தைத் தேய்க்கும். மூன்று நொடிதான். அதையே மூன்று தடவை திருப்பிப் போட்டு, மெதுவாக்கிய நாயன ஓசையை மேலே வைத்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டும் என்றுதான் வைத்தேன். அன்று ராத்திரி நிறைவாக வீட்டுக்குப் போனேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. ஏன் என்று சொல்வதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கிலோ 20 ரூபாய்

கேசட்டுகள் கிடைத்தது காட்பாடியில் ஒரு காயலான் கடையில். பழைய மிக்ஸிக்கு மூடி தேடிப் போன இடத்தில், உரச் சாக்கு ஒன்றில் கறுப்பு கறுப்பாக எட்டிப் பார்த்தன. கிலோ 20 ரூபாய் என்றார் கடைக்காரர். மொத்தம் 63 கேசட், 13 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. முதுகில் ஒட்டிய லேபிள்களில் நீலப் பேனாவில் 'பெண் அழைப்பு 2', 'முகூர்த்தம் + பந்தி', 'சிரசு 3' என்று எழுதியிருந்தது. எல்லாவற்றிலும் குடியாத்தத்தில் ஒரு ஸ்டுடியோவின் முத்திரை, அதன் கீழே ஐந்து இலக்க போன் நம்பர்.

கல்யாண கேசட் எல்லோர் வீட்டுப் பரணிலும் இருக்கும். ஆனால் அவையெல்லாம் மிக்ஸிங் முடிந்தவை. ரோஜாப்பூவுக்குள் பெண், இதயத்துக்குள் மாப்பிள்ளை, பின்னால் சினிமாப் பாட்டு. எனக்குக் கிடைத்தவை அதற்கு முந்தைய ரா கேசட்டுகள், மண்டபத்தில் எடுத்தது எடுத்தபடியே. மிக்ஸிங் முடிந்ததும் அதன் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவது வழக்கம் என்பதால் இப்படிப்பட்டவை மிஞ்சுவதே அபூர்வம். பிடித்தது, விட்டது, கேமராவை ஆஃப் பண்ண மறந்தது என எல்லாம் அதில் இருந்தது. வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார்தான் தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' எடுத்தவர். அந்தப் படத்தில் ஒரு அடிகூட இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', அதற்கும் அதே கதிதான். பழைய பிலிமில் இருக்கும் வெள்ளிக்காகவே நம் ஊரில் சுருள் சுருளாகக் கரைத்திருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு, ஓடக்கூடிய நாடா சாக்கில் கிடப்பதைப் பார்த்துவிட்டு எப்படி வருவது? மொத்தமாகத் தூக்கி வந்துவிட்டேன்.

பாதி கேசட்டுகளில் நாடாவின் ஓரத்தில் அரிசி மாவு தூவினாற்போல ஃபங்கஸ். அப்படியே வி.சி.ஆரில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து ஐந்து ஸ்க்ரூ கழற்றி, நாடாவை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஸ்பிரிட் தொட்ட மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். ஒரு கேசட்டுக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். அப்புறம் கம்ப்யூட்டருக்கு ஏற்றுவது. இதில் குறுக்குவழி கிடையாது, மூன்று மணி நேர கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும். நொடிக்கு 25 பிரேம் வீதம், யாரோ ஒருவரின் கல்யாணம் என் அறையில் ஓடிக்கொண்டே இருந்தது. படத்தின் அடி ஓரத்தில் ஒரு கோடு எப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். டிவிப் பெட்டி அதைத் தன் சட்டத்துக்குள் மறைத்துவிடும், கம்ப்யூட்டர் மறைக்காது. அந்தத் துடிப்பைப் பார்த்தபடியே ஆறு மாதம் சாப்பிட்டேன்.

பிலிம் துண்டு

இப்படி அடுத்தவர் எடுத்ததை வெட்டி ஒட்டிப் படம் செய்வதற்கு வெளிநாட்டில் பெரிய மரபு உண்டு. நமக்கும் இது புதிதில்லை. தியேட்டர் ஆபரேட்டர் வெட்டிப் போட்ட பிலிம் துண்டைப் பெட்டிக்கடையில் வாங்கி, ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, வெயிலைக் கண்ணாடியால் இருட்டு அறைக்குள் திருப்பி, வேட்டியில் படம் காட்டாத பையன் அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டான். என்னிடம் ஒரு சண்டைக் காட்சியிலிருந்து நாலு பிரேமும், யாரோ ஒரு அம்மா அழும் காட்சியிலிருந்து இரண்டு பிரேமும் இருந்தன. அடி விழுந்ததால் அம்மா அழுகிறாள் என்று நானே கதை கட்டிவிடுவேன். உண்மையில் அவை இரண்டு வேறு படங்கள். அதுதான் இந்தக் கலையின் அரிச்சுவடி.

அமெரிக்காவில் ஜோசப் கார்னெல் 1936இல் செய்ததும் ஏறக்குறைய இதுவே. 1931இல் வந்த ஒரு காட்டுச் சாகசப் படத்தின் பழைய பிரதி அவர் கையில் இருந்தது. கதையை மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட்டு, அதில் நடித்த ரோஸ் ஹோபார்ட் என்ற நடிகை திரும்புவது, பார்ப்பது, தயங்குவது ஆகியவற்றை மட்டும் வைத்து 20 நிமிடத்துக்குள் ஒரு படம் செய்தார். வேகத்தைக் குறைத்து, நீலக் கண்ணாடி வழியாகத் திரையில் விட்டார். அதை முதல் தடவை பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் போனது. புரூஸ் கானர் 1958இல் செய்தியோட்டம், கௌபாய்ப் படம், கார் விபத்து என்று கிடைத்த துண்டையெல்லாம் ஒட்டி 12 நிமிடத்தில் ஒரு படம் செய்தார். கடலடிக் கப்பலிலிருந்து ஒருவன் பெரிஸ்கோப்பில் பார்ப்பான், அடுத்த துண்டில் ஒரு பெண் படுத்திருப்பாள். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒட்டிய இடத்தில்தான் சம்பந்தம் பிறக்கிறது. அந்த ஒட்டுதான் எனக்குப் பித்துப் பிடிக்க வைத்தது.

ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். முகம் கூடாது. அந்தப் பெண்கள் இன்று ஐம்பதைத் தொட்டிருப்பார்கள். யாரோ, எங்கேயோ. அவர்களைக் கேட்காமல் அவர்கள் முகத்தை எப்படி எடுப்பது? அதனால் முகம் இல்லாத இடமாகத் தேடினேன். கேமராவை ஆஃப் பண்ண மறந்து தூக்கிக்கொண்டு நடந்தபோது பதிந்த தரை, எச்சில் இலை, கழற்றிப் போட்ட செருப்புக் குவியல், ஜமக்காளத்தின் கோடு, கால்கள். கேமராக்காரர் கவனிக்காத நேரத்தில் கேமரா தானாகவே பார்த்தவை என்று நான் அவற்றை நம்பினேன். 'தானாக' என்ற சொல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நண்பர்களிடமும் அப்படித்தான் சொன்னேன், இது யாரும் எடுக்காத படம் என்று.

ஜெராக்ஸ் கடையில்

அந்தக் கேசட்டுகளை எடுத்த கேமராக்காரருக்குப் படத்தைக் காட்ட வேண்டும் என்று மாடியில் போட்ட மறுவாரம்தான் தோன்றியது. இதை ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டும். ஐந்து இலக்க நம்பரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் குடியாத்தத்தில் சாமிப் படத்துக்கு பிரேம் போடும் கடையில் முத்திரையைக் காட்டியதுமே, "அவரா, பஸ் ஸ்டாண்டு பின்னால ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டார்கள். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அந்தக் காலத்து வி.எச்.எஸ். கேமராவை இருபது வருஷம் சுமந்த தோள். நான் கேசட்டைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. சி.டி. வந்த பிறகு கேசட் வேலை நின்றுபோனதாம். மேலே திருப்பி எடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் மூட்டையாகக் கிடந்ததை, வீட்டில் வெள்ளையடித்தபோது யாரோ எடைக்குப் போட்டிருக்கிறார்கள். "அதையெல்லாம் இன்னாத்துக்குத் தம்பி காசு குடுத்து வாங்கினே?" என்றார்.

கூட்டம் குறைந்த பிறகு, ஜெராக்ஸ் மிஷின் மேலேயே லேப்டாப்பை வைத்துப் படத்தைப் போட்டேன். நடுவில் ஒரு பையன் ஆதார் கார்டு காப்பிக்கு வந்தான், நிறுத்தி, மறுபடி போட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். முதல் ஐந்து நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "எல்லாம் உதவாத துண்டா பொறுக்கினு வந்திருக்கியே" என்றார். கோபமில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். ஒரு பந்தியை முழுசாக நகர்ந்துகொண்டே எடுத்த ஷாட் உண்டாம், ஒரு மாமி திரும்பிப் பார்க்கும்போது சரியாக நிறுத்தியது உண்டாம், அதையெல்லாம் பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். உண்மையாகவே அவை நல்ல ஷாட்டுகள்தான். முகம் இருந்ததால் நான் தொடவில்லை.

ஏழாவது நிமிடம் வந்தது. கால்கள். கட்டைவிரல். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. நான் அவர் சிரிப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை நீட்டி ஸ்பேஸ் பாரைத் தேடி, கிடைக்காமல், "நிறுத்து" என்றார்.

"இது தவறிப் பட்டது இல்ல தம்பி."

பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஊர், வருஷம் தொண்ணூத்தி நாலோ அஞ்சோ என்று ஆரம்பித்தார். தாலி கட்டி முடிந்து, பந்தி எடுக்கலாம் என்று கேமராவோடு பின்பக்கம் போயிருக்கிறார். லைட் பிடிக்கிற பையன் முன்னால். "பொண்ணோட அப்பா செவுத்தாண்ட நின்னு அழுதுனு இருந்தாரு. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க ஏதோ பாக்கி கேட்டிருக்காங்க போல. கேக்கற நேரமா அது? இந்தப் பையன் லைட்ட நேரா அவரு மூஞ்சில அடிச்சிட்டான். லைட்ட இறக்குடான்னேன். நானும் கேமராவ இறக்கிட்டேன்."

"ஏங்கய்யா, நிறுத்தியிருக்கலாமே?"

"நிறுத்தினா முன்னாடி செவப்பு லைட்டு அணையும். அதுவரிக்கும் ஓடினு இருந்துச்சின்னு அவருக்குத் தெரிஞ்சிடும் இல்ல? கீழ தொங்கவுட்டா லைட்டு தரையப் பாக்கும். சும்மா தூக்கினு வந்திருக்கான்னு நெனைச்சுக்குவாரு." பின்னால் கூட்டம், நகர முடியவில்லை. நகர்ந்தால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். அதனால் பேசாமல் நின்றுவிட்டாராம். கேமராவும் அவர் தொடையோரம் தொங்கியபடி, எதிரில் இருந்தவரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ரொம்ப நேரம் நின்ன மாதிரி இருந்துச்சி. அதுக்கு அப்புறம் அவரு போய் மூஞ்சி கழுவினு வந்து பந்தில நின்னாரு. அப்பதான் மறுபடியும் தூக்கினேன். அதையும் வெச்சிருக்கலாமே நீ."

படத்திலிருந்து எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. ஜனங்கள் சிரித்தார்கள் என்று நானும் அவரிடம் சொல்லவில்லை. இதுவரை சொல்லவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார், குடித்துவிட்டு கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்தேன்.

41 நொடி

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஃபைலைத் திறந்தேன். கேமரா இறங்குவதிலிருந்து மறுபடி ஏறுவது வரை 41 நொடி. ஏறிய பிறகு, நரைத்த மீசை வைத்த ஒரு மனிதர், சட்டைக் காலர் தண்ணீரில் நனைந்திருக்க, ஒவ்வொரு இலையாகக் குனிந்து, "சாப்பிடுங்க, நல்லா சாப்பிடுங்க" என்று பாயசம் ஊற்றிக்கொண்டே வருகிறார். நான் இதை முன்பே பார்த்தவன்தான். ஏதோ ஒரு பந்தி என்று தாண்டிப் போயிருந்தேன். அந்தக் கால்களும் இந்தக் காலரும் ஒரே ஆளுடையவை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதைவிட மோசம், ஒலி. கேசட்டை ஏற்றிய அன்றே ஒலியை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்தேன். மைக் இரைச்சல், பாத்திரச் சத்தம், எங்கேயோ ஜெனரேட்டர், இதை வைத்து என்ன செய்வது என்று. இப்போது ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். கேமரா இறங்குவதற்குச் சற்று முன்னால், அடிக்குரலில், மிகத் தெளிவாக, "லைட்ட இறக்குடா". அப்புறம் ஜெனரேட்டர். பந்தியில் யாரோ மோர் கேட்கிறார்கள். அதற்கு நடுவே மூக்கை உறிஞ்சும் சத்தம் இரண்டு தடவை. கட்டைவிரல் தேய்ப்பது இரண்டாவது உறிஞ்சலுக்குப் பிறகு. எல்லாம் அந்த நாடாவிலேயே இருந்திருக்கிறது. யாரும் என்னிடமிருந்து மறைக்கவில்லை. வேண்டாம் என்று அணைத்தது நான்தான்.

'தானாக' என்று நான் கொண்டாடியது ஒரு மனிதர் அரை நொடியில் எடுத்த முடிவு. அவர் எடுத்த ஆயிரக்கணக்கான மணி நேரத்தில் அதைவிட நல்ல முடிவு இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம். ஒருவரை மறைப்பதற்காகக் கேமராவை இறக்கினார். மறைக்கத் தெரியாமல் மிஞ்சிய காலை நான் பிடித்து இழுத்து, மூன்று தடவை ஆட்டி, இருபது பேரைச் சிரிக்க வைத்தேன். முகம் கூடாது என்ற என் விதி அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

சரி, எடுத்தவர் எண்ணத்துக்கு மாறாக எதையும் வெட்டக் கூடாது என்று சொல்லிவிடலாமா? அதுவும் எனக்கு ஒப்பவில்லை. எஸ்பிர் ஷூப் என்ற ரஷ்யப் பெண்மணி 1927இல், ரஷ்யாவை ஆண்ட ஜார் மன்னர்களின் ரோமானோவ் வம்சத்து வீழ்ச்சியைப் பற்றிப் படம் செய்தபோது, ஜார் குடும்பத்துக்காக எடுக்கப்பட்ட சுருள்களையே தேடிப் பிடித்து, அவர்களுக்கு எதிராகவே ஒட்டினார். கப்பல் தளத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் வேர்க்க வேர்க்க நடனமாடுகிறார்கள், அடுத்து மண் வெட்டும் கூலிகள். எடுத்தவர் ஒருநாளும் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். நான் அப்போதும் இப்போதும் ஷூப் பக்கம்தான். ஜார் கேமரா முன் நின்றது தன்னை ஊருக்குக் காட்டிக்கொள்ள. இந்த அப்பா சுவரோரம் போனது யாருக்கும் காட்டிக்கொள்ளாமல் இருக்க. இரண்டு நாடாவையும் ஒரே கத்தரிக்கோலால் வெட்ட முடியாது என்பதுதான் எனக்கு இப்போது தெரிவது.

இந்த நாட்களில் அதிகம் நினைத்துக்கொண்டது ஏ.கே. செட்டியாரை. காந்தியைப் பற்றிய அவருடைய ஆவணப்படம் 1940இல் வந்தது. அதற்காக உலகத்தைச் சுற்றி, முப்பது வருஷ காலத்தில் நூறு பேர் அளவில் எடுத்திருந்த காட்சிகளிலிருந்து ஏறத்தாழ 50,000 அடி பிலிம் சேர்த்தார். நம் ஊர்க்காரர் செய்த மிகப் பெரிய வெட்டி ஒட்டும் வேலை அது. இதை நாம் சினிமாக் கலையாகப் பேசுவதே இல்லை, தேசபக்தியாக மட்டும் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் உறைக்கிற விஷயம் வேறு. அவர் பிலிமைத் தேடிப் போனபோது ஆட்களையும் தேடிப் போனார், கதவைத் தட்டி, கேட்டு வாங்கினார். நான் காட்பாடியிலிருந்து குடியாத்தத்துக்கு ஒரு மணி நேரம் பஸ் ஏறுவதற்கு ஒரு வருஷம் எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்கரான கென் ஜேக்கப்ஸ் 1980களில் செய்த ஒரு படமும் உண்டு. கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டபோது டிவிச் செய்திக்காக எடுத்து, பின்னர் வேண்டாமென்று கழிக்கப்பட்ட பிலிம் நியூயார்க்கில் அவர் கைக்குக் கிடைத்தது. அதை வெட்டி அடுக்காமல், கிடைத்த வரிசையிலேயே காட்டினார். இதில் இவர் என்ன செய்தார் என்று ஒரு காலத்தில் நான் கேட்டிருக்கிறேன். கை வைக்காமல் விடுவதற்கு எத்தனை கட்டுப்பாடு வேண்டும் என்று அந்த 41 நொடியை எடிட்டிங் டைம்லைனில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த மூன்று ராத்திரிகளில் தெரிந்தது. கை தானாகவே வெட்டப் போகிறது. 20 நொடியில் 'போதும்' என்கிறது. 30இல் 'நீளம்' என்கிறது.

இப்போது என் படம் 12 நிமிடம். கால்கள் வருவதற்கு முன்பே நாயனம் நின்றுவிடும். இருட்டில் "லைட்ட இறக்குடா" கேட்கும், அப்புறம் 41 நொடியும் அப்படியே, நாடாவில் இருந்த ஒலியோடு. அதற்குப் பின் வரும் பாயசக் காட்சியை வைக்கவில்லை. வைக்கச் சொன்னார்தான், ஆனால் அதில் அந்த முகம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை காலியாகவே இருக்கட்டும். அந்த 41 நொடியே இருக்கலாமா என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. கேட்டால், "இருக்கட்டும், அதுல அவரு யாருன்னு யாருக்குத் தெரியும்" என்கிறார் அவர். எனக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல். அதனால் இதை இன்னும் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை.

சிரசு 3

அடுத்த வேலை ஆரம்பித்துவிட்டது. 63இல் ஒன்பது கேசட்டுகள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வைகாசி முதல் தேதி அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாக வந்து, கோயிலில் இன்னொருத்தியின் உடலில் பொருத்தப்படும். ரேணுகை கதை இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். தாயின் தலையை வெட்டிய கை மகனுடையது, அவசரத்தில் மாற்றி ஒட்டியதும் அவன்தான். தலை ஒருத்தி, உடல் ஒருத்தி, கும்பிடுவது இருவரையும் சேர்த்து. வெட்டி ஒட்டும் வேலையில் இருப்பவன் இந்தக் கதையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது கேசட்டில் ஒரு இடம். சிரசு வருகிறது, ஜனங்கள் தெருவெல்லாம் தேங்காய் உடைக்கிறார்கள், சிதறு தேங்காய்க்குப் பையன்கள் பாய்கிறார்கள். திடீரென்று கேமரா எல்லாவற்றையும் விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறது. ஒரு மின்கம்பி, அதில் தொங்கும் கிழிந்த பட்டம், வெள்ளையாக எரிந்துபோன வானம். ஒன்பது நொடி. பார்த்ததும் கை துறுதுறுத்தது. ஆனால் டைம்லைனில் இறக்கவில்லை. முதலில் ஒலியைக் கேட்டேன். மேளமும் கூச்சலும் தவிர ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்தேன்.

"ஐயா, சிரசு மூணாவது கேசட்டு. தேங்காய் உடைக்கிற இடத்துல கேமரா மேல போயிடுது. வானம், ஒரு கரண்டு கம்பி, பட்டம். அது எதுக்குங்க எடுத்தீங்க?"

ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதுவா? எவனோ தேங்கா பொறுக்க ஓடி வந்து இட்சிட்டான் தம்பி. நான் பின்னால வுழுந்துட்டேன். அது தவறிப் பட்டதுதான், எடுத்துக்க."